கதிரியக்கமா, கதிர்வீச்சா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரைப் பற்றி விசாரித்தால், “மதுரையில கரண்டு வைக்கிறாக” என்று பதில் வரும். அச்சுக்குப் போனால் அதுவே ‘கதிரியக்கச் சிகிச்சை’ ஆகிவிடுகிறது. இரண்டுமே குறி தப்பியவை. ஆனாலும் கரண்டு என்றவர் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே நிற்கிறார்.

ரேடியேஷன் என்பதன் வேர் ‘ரேடியஸ்’ என்ற லத்தீன் சொல். கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் மூன்றையும் குறித்த அந்தச் சொல், தறியில் ஓடும் நாடாவுக்கும் பெயர். தமிழில் கதிர் என்றால் ஒளிக்கீற்று, நெற்கதிர், இராட்டையில் நூல் சுற்றும் ஊசி. ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை, தற்செயல்தான். கண்டாங்கி நெய்யும் ஊரில் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

ரேடியேஷனுக்குத் தமிழான கதிர்வீச்சு என்பது, வலைவீச்சு போல, ஒன்று புறப்பட்டுப் போகும் செயல். ரேடியோஆக்டிவிட்டி என்ற சொல் 1898இல் கியூரி தம்பதியரிடமிருந்து புழக்கத்துக்கு வந்தது. அதன் தமிழ்தான் கதிரியக்கம். நிலைகொள்ளாத அணுக்கரு தானாகச் சிதைந்து கதிரை உமிழும் பண்பு அது. பண்பு பொருளை விட்டுப் பிரியாது. அதற்கு ஸ்விட்ச் கிடையாது.

சிகிச்சை மெஷினைச் சோதிக்கப் போகும்போது இந்த வேறுபாடு கையில் தட்டும். கோபால்ட் மெஷினின் தலைக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள், அதாவது கதிரின் மூலம், எப்போதும் உமிழ்ந்துகொண்டே இருக்கும். அதன் வீரியம் பாதியாகும் காலம், அதாவது அரை ஆயுள், 5.27 ஆண்டு; மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் வீரியம் குறைவதால் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். எப்போதும் உமிழ்வதால் இங்கே மூடிய நிலையிலும் கசிவு அளக்கிறோம். கதிரின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரின் விளிம்பைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சில் 185 பெக்கரலுக்கு (நொடிக்கு 185 அணுச் சிதைவு) மேல் ஒட்டியிருக்கிறதா என்று எண்ணுகிறோம். மூலம் பாதியில் சிக்கினால் மெயின் ஸ்விட்சை அணைத்து ஒன்றும் ஆகாது. நோயாளியை முதலில் வெளியே கொண்டுவந்து, கதவைச் சாத்தி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட வேண்டும்.

மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லீனாக் (நேர்கோட்டு முடுக்கி) மெஷினில் அப்படி மூலமே இல்லை. எலக்ட்ரானை முடுக்கி டங்ஸ்டன் போன்ற இலக்கில் மோதவிட்டு எக்ஸ் கதிரை எடுக்கிறார்கள். கரண்டு போனால் வீச்சும் நின்றது. ‘கரண்டு வைக்கிறது’ இங்கே பாதி சரி. 10 எம்.வி.க்கு (மெகாவோல்ட்) மேல் ஓடும் மெஷினில் மட்டும் நியூட்ரான் பிறந்து தலையின் சில பாகங்களைச் சிறிது நேரம் கதிரியக்கம் உள்ளவையாக்கும்.

லீனாக் அறையின் சுவர்களைச் சோதிக்க, கதிர் வெளிவரும் திறப்பை முழுசாகத் திறந்து, மெஷின் தலையைச் சுமந்து சுழலும் கேன்ட்ரியை 0, 90, 180, 270 டிகிரியில் நிறுத்தி, சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். நேர்க்கதிர் படும் சுவருக்குப் பாதையில் ஒன்றும் வைக்கக் கூடாது. சிதறல் மட்டும் படும் சுவருக்குத் நோயாளி உடம்புக்குப் பதிலாகக் கதிரைச் சிதறடிக்கும் தண்ணீர் ஃபேன்டம் வைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டுச் சுவர் நன்றாயிருக்கிறது என்று எழுதினால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, கைக்குக் கிடைத்த ஜி.எம். (கைகர்-முல்லர்) மீட்டரை, அதாவது கதிரை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியை, எடுத்துப் போவது. லீனாக் கதிர் சில மைக்ரோ செகண்டு நீளத் துடிப்புகளாக வருகிறது. ஜி.எம். குழாய் ஒரு முறை எண்ணிவிட்டு நூறு மைக்ரோ செகண்டு அளவுக்குக் குருடாகிவிடும். ஒரு துடிப்பில் எத்தனை வந்தாலும் ஒன்றென்றே எண்ணும். அளவு உயர்ந்திருக்கும், முள் குறைத்துக் காட்டும். கதிர் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தை அளக்கும் அயனி அறை மீட்டர்தான் சரி.

கதவு திறந்தால் கதிரை நிறுத்தும் இன்டர்லாக்கையும் பாதி பார்த்து விடுகிறார்கள். கதிர் ஓடும்போது கதவைத் திறந்தால் நிற்க வேண்டும், சரி. மறுபடி சாத்தியதும் தானாகக் கிளம்பக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். கன்சோலில் பொத்தான் அழுத்தினால்தான் ஓட வேண்டும். இன்டர்லாக்குக்குப் ‘பிணைப்பூட்டு’ பொருந்தும். ஊரில் இன்டர்லாக் என்றால் தெருவில் பதிக்கும் கல் என்று நினைப்பவர்கள் அதிகம்.

வீட்டில் சொல் மயங்குவதால் வரும் சங்கடம் வேறு: “கரண்டு வச்ச உடம்போட பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?” தூக்கலாம். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவதால் நோயாளி உடம்பில் கதிரியக்கம் தங்காது. தைராய்டுக்கு அயோடின்-131 விழுங்கியவருக்கு அது பொருந்தாது. பொருளே உடம்புக்குள் இருக்கிறது, அவர் சில நாள் விலகித்தான் இருக்க வேண்டும்.

எழுத்தில் ‘கதிர்வீச்சுச் சிகிச்சை’ என்று வையுங்கள். பேச்சில் ‘கதிர் வைக்கிறாக’ போதும்.