சின்னக் கைக்குச் சின்னப் பந்தா?

"மூணு வயசு முடியப்போகுது, இன்னும் ஒரு பந்தைப் பிடிக்கத் தெரியலை. கண்ணுல ஏதும் கோளாறா இருக்குமா?"

குழந்தைகளுக்கு அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. எந்தப் பந்து என்று கேட்டால் பையிலிருந்து டென்னிஸ் பந்து வெளியே வரும். சில நேரம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு ரப்பர் பந்து. கூடவே விளக்கமும் வரும்: "சின்னக் கைதானே, அதான் சின்னப் பந்தா வாங்கினோம்."

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எனவே இங்கே கொஞ்சம் விரிவாகவே.

எறிவது வேறு, பிடிப்பது வேறு. எறியும்போது விரல்கள் பந்தைச் சுற்றி வளைய வேண்டும். அதற்குச் சின்னப் பந்து சரி. ஆனால் மூன்று வயதுக் குழந்தை உள்ளங்கையால் பந்தைப் பிடிப்பதில்லை. இரண்டு கைகளையும் முறம் ஏந்துவதுபோல் நீட்டி, வந்து விழுவதை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறது. அந்த அணைப்பில் 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள லேசான பந்து தங்கும். ஆறரை செ.மீ. டென்னிஸ் பந்து இரண்டு கைகளுக்கும் இடையில் நழுவிப் போகும். விரல்களால் பிடிப்பது பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில் கைகூடுகிற வித்தை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. வெளியிடும் வளர்ச்சிப் படிநிலைப் பட்டியல்கூட 4 வயதில் எதிர்பார்ப்பது, பெரிய பந்தைப் பெரும்பாலான தடவை பிடிப்பதைத்தான். அந்தப் 'பெரிய' என்ற சொல் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

டென்னிஸ் பந்து ஒரே ஒருமுறை மூக்கில் பட்டால் போதும். அடுத்த பந்துக்குக் குழந்தை முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் வீட்டில் கண் மருத்துவரைத் தேடத் தொடங்குகிறார்கள். அப்படி மூடினால் பந்தை எடுத்து வைத்துவிட்டு, பழைய ஷிஃபான் துப்பட்டாவிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து மேலே வீசுங்கள். அது மெதுவாக மிதந்து இறங்கும், பட்டாலும் வலிக்காது. பயம் தெளிந்த பிறகு பந்துக்குத் திரும்பலாம். சிலர் பலூனைச் சொல்வார்கள். எட்டு வயது வரை பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பலூன் தரக்கூடாது. வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.

எட்டு மாதத்திலேயே தொடங்கலாம். குழந்தையும் நீங்களும் கால்களை விரித்து எதிரெதிரே உட்காருங்கள், இடையில் இரண்டடி. கடற்கரைப் பந்தை முக்கால்வாசி மட்டும் ஊதுங்கள். முழுக்க ஊதினால் தொட்டதும் ஓடிவிடும், குறைவாக ஊதினால் கைக்குப் பிடி கிடைக்கும். உருட்டுங்கள், காத்திருங்கள். திருப்பித் தள்ள அதற்குப் பத்து விநாடிகூட ஆகலாம். அந்தப் பத்து விநாடி பொறுமை இல்லாமல் குழந்தையின் கையைப் பிடித்துத் தள்ளிவிடுவதுதான் பெரியவர்கள் செய்கிற வேலை.

இரண்டு வயதில் உதை. முதலில் நின்றிருக்கும் பந்து, பிறகு உருண்டு வரும் பந்து. எறிவதற்குத் துணிப்பந்து போதும்: பழைய சாக்ஸுக்குள் துணித் துண்டுகளை அடைத்து, வாயைத் தைத்து, ஆரஞ்சுப் பழ அளவில். அரிசியோ பயறோ போட வேண்டாம். தையல் விட்டால் நேராக வாய்க்குப் போகும். தென்னை ஓலையில் பந்து பின்னத் தெரிந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. ஓலைப்பந்துக்கு மூலைகள் இருப்பதால் உருண்டு ஓடாது, பிஞ்சு விரல்களுக்கும் பிடி கிடைக்கும்.

மூன்று வயதுக்கு மேல் பிடிக்கப் பழக்கும்போது நீங்கள் நின்றுகொண்டு வீசாதீர்கள். மண்டியிடுங்கள், உங்கள் கை குழந்தையின் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு மீட்டர் தூரம், கீழ்க்கை வீச்சு. முதலில் தரையில் ஒருமுறை தட்டி எழும்பும் பந்து, அப்புறம் நேரே. மஞ்சள் சுவருக்கு முன்னால் மஞ்சள் பந்தை வீசிவிட்டு "பாக்கவே மாட்டேங்குறான்" என்றால் எப்படி?

அடுத்த எரிச்சல், சுவரில் ஒட்டும் படங்கள். கால்பந்து, கூடைப்பந்து, டேபிள் டென்னிஸ் பந்து எல்லாம் ஒரே அளவு வட்டங்கள். டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் கால்பந்து 410 முதல் 450 கிராம். நூற்றைம்பது மடங்குக்கு மேலான இந்த வித்தியாசத்தைப் படம் காட்டாது, கை காட்டும். நான்கு வயதுக்காரரின் ஒரு கையில் டேபிள் டென்னிஸ் பந்தையும் இன்னொரு கையில் டென்னிஸ் பந்தையும் வைத்தாலே "இது கனம்!" என்று தானாகச் சொல்லும். தலையணை உறைக்குள் நாலைந்து பந்துகளைப் போட்டு, பார்க்காமல் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். டென்னிஸ் பந்தின் ரோமம், கூடைப்பந்தின் புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு, பூப்பந்தின் (பால் பேட்மிண்டன்) கம்பளி நூல் எல்லாம் இப்படித்தான் மனதில் பதியும். (பூப்பந்து தஞ்சாவூர் அரச குடும்பத்தில் பிறந்த ஆட்டம். இன்று அந்த மஞ்சள் பந்தைக் கையில் எடுத்தே பார்க்காத குழந்தைகள்தான் அதிகம்.)

மூன்றடிப் பலகையை ஒரு பக்கம் செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, ஒரே அளவில் ஒரு கெட்டி ரப்பர் பந்தையும் உள்ளே காலியான பிளாஸ்டிக் பந்தையும் சேர்த்து விடுங்கள். கெட்டிப் பந்து முந்தும். எடையால்தான் என்று அப்பாக்கள் சொல்வார்கள், அது தவறு. குழந்தைக்கு விளக்கம் வேண்டாம், "எது ஜெயிக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டால் போதும். "இது என்ன பந்து? என்ன கலர்?" என்று பரீட்சை வைத்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். உருட்டு, தட்டு, உதை, பிடி என்று செய்யும்போதே சொல்லுங்கள்.

இனி, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். மூன்று வயதுக்குக் கீழே சின்னப் பந்து தருவது உயிரோடு விளையாடுவது. அமெரிக்க விதிப்படி அந்த வயதுக்கான பந்து 44.4 மி.மீ. விட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். டேபிள் டென்னிஸ் பந்து 40 மி.மீ. தான். அதுவே தேறாது. 44.4 மி.மீ.யைத் தாண்டாத எந்தப் பந்தையும் பரணில் போடுங்கள். அண்ணன் அக்காவின் கோலிக்குண்டும் எகிறும் ரப்பர் பந்தும் இதில் சேர்த்தி. தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெல்லி மணிகளைச் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கவே வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் வீங்கி அடைக்கும், எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். தட்டினால் மின்னும் பந்துக்குள் இருப்பது பட்டன் பேட்டரி. பந்து கிழிந்தால் அன்றே தூக்கி எறியுங்கள். பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். 2021 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள்.

பந்து தொண்டையில் சிக்கி, குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள். சத்தமே வரவில்லை என்றால்: ஒரு வயதுக்குக் கீழே, தலை தாழ்ந்திருக்கக் கையில் குப்புறப் படுக்கவைத்து முதுகில் 5 தட்டு, திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்தம். ஒரு வயதுக்கு மேல், முதுகில் 5 தட்டு, வயிற்றில் 5 அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பந்தை விரல் விட்டுத் துழாவாதீர்கள், உள்ளேதான் தள்ளுவீர்கள்.

ஐந்து வயதிலும் பெரிய, லேசான பந்தை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பிடிக்க முடியவில்லை, அடிக்கடி தடுக்கி விழுகிறது, பட்டன் போடவும் திணறுகிறது என்றால் தாமதிக்காமல் கூட்டிவாருங்கள். வரும்போது வீட்டில் விளையாடும் பந்தையும் கையோடு எடுத்துவாருங்கள்.