எஃப்1பி குட்டிக்கு மீசை எங்கிருந்து வருகிறது?

மெல்போர்னிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் இரண்டு வருடமாக நாய் கேட்டு நச்சரிக்கிறாளாம். கணவருக்கோ நாய் வளர்க்கும் வீட்டுக்குப் போனாலே தும்மல். தெரிந்தவர்கள் எல்லாரும் "லாப்ரடூடில் வாங்குங்கள், முடி கொட்டாது, அலர்ஜியும் வராது" என்கிறார்கள். விசாரிக்கப் போனால் குட்டிகளை இனப்பெருக்கம் செய்து விற்கும் ப்ரீடர் ஒருவர் எஃப்1 என்கிறார், இன்னொருவர் எஃப்1பி என்கிறார். மூன்றாமவர் "எங்களிடம் இருப்பது எஃப்2, அடுத்த தலைமுறை, அதனால்தான் விலை கூடுதல்" என்கிறாராம். எதை வாங்குவது என்பது கேள்வி.

பொருத்தமான ஊரிலிருந்துதான் கேள்வி வந்திருக்கிறது. லாப்ரடார், பூடில் என்ற இரண்டு நாய் இனங்களின் கலப்புதான் லாப்ரடூடில். அந்தப் பெயர் பரவியதே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலிருந்துதான். அங்கே பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயிலிருந்து பார்வையற்ற பெண்மணி ஒருவர் வழிகாட்டி நாய் கேட்டார். அவருடைய கணவருக்கு நாய் ஒவ்வாமை. கான்ரன் முதலில் பூடில்களையே பழக்கிப் பார்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட பூடில்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியில் 1989-இல் ஒரு லாப்ரடார் பெட்டையைப் பெரிய வகைப் பூடிலுடன் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பி அந்தக் கணவரிடம் சோதித்ததில் சுல்தான் என்ற குட்டி தேறியது.

பெரும்பாலும் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த ஈற்று. அதில் பத்துக் குட்டிகள் பிறந்தன, சோதனையில் மூன்றுதான் தேறின. எல்லாமே எஃப்1, எல்லாவற்றிலும் பாதி பூடில், பாதி லாப்ரடார். தலைமுறை எண் ஒன்றாக இருந்தும் குட்டிக்குக் குட்டி விளைவு மாறியது. வாசகியின் கேள்விக்குப் பாதிப் பதில் அப்போதே கிடைத்துவிட்டது.

எண்களின் பொருளை வேகமாகப் பார்த்துவிடலாம். பள்ளியில் மெண்டலின் பட்டாணியோடு படித்ததுதான். பூடிலும் லாப்ரடாரும் சேர்ந்தால் பிறப்பது எஃப்1. எஃப்1-உம் எஃப்1-உம் சேர்ந்தால் எஃப்2. எஃப்1-ஐ மறுபடி ஒரு பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி. 'பி' என்பது பிற்கலப்பைக் குறிக்கிறது. பிற்கலப்பை லாப்ரடார் பக்கமும் செய்யலாம், பெயர் மாறாது. அதனால் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. எண் கூடினால் தரம் கூடும் என்று இதில் எங்கும் இல்லை. யாரும் யாருக்கும் மேல் படியில் நிற்கவில்லை, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்ற குறிப்பு மட்டும்தான் அது.

சரி, முடிக்கு வருவோம். இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

2009-இல் அமெரிக்க அரசின் தேசிய மனித மரபணுத்தொகை ஆய்வு நிறுவனத்தில் எலைன் ஆஸ்ட்ராண்டரின் குழு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. நாய்களுக்கு இத்தனை விதமான ரோமம் எப்படி வந்தது? வழவழப்பான முடி, கம்பி போன்ற முடி, சுருட்டை முடி, தரையைத் தொடும் பட்டு முடி என்று எத்தனை வகை! 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களைப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சம்பந்தப்பட்டிருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். கிடைத்ததோ மூன்று. அமெரிக்காவின் தூய இன நாய்களில் காணும் ரோம வகைகளில் பெரும்பாலானவற்றை அந்த மூன்றின் சேர்க்கைகளை வைத்தே விளக்கிவிட முடிந்தது.

முதலாவது எஃப்ஜிஎஃப்5. இது ஒரு பிரேக். ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் ஒரு சுழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது: முடி வளரும் கட்டம், வளர்ச்சி நின்று சுருங்கும் கட்டம், ஓய்வுக் கட்டம். ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து புதியது முளைக்கும். "போதும், நிறுத்து" என்று வளரும் கட்டத்தை முடித்துவைப்பது எஃப்ஜிஎஃப்5 தரும் புரதம். பிரேக் சரியாகப் பிடித்தால் லாப்ரடாரின் குட்டை முடி. பழுதானால் வளரும் கட்டம் நீண்டுகொண்டே போகும், முடியும் நீளும். இந்தப் பழுது ஒடுங்குபண்பு, அதாவது நீள முடிக்குத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். ஒரு நல்ல பிரதி இருந்தாலே பிரேக் வேலை செய்யும்.

இந்தப் பிரேக் நாயோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு அலுக்காத சங்கதி. 1994-இல் எலிகளில் இதே மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது அவற்றுக்கு நீளமான முடி வளர்ந்தது. நீள முடிப் பூனைகளிலும் பழுதானது இதே மரபணுதான். மனிதர்களில் சில குடும்பங்களில் கண் இமை முடி அசாதாரணமாக நீண்டு வளர்வதற்கும் இதுவே காரணம் என்று 2014-இல் தெரிந்தது. அழிந்துபோன கம்பளி யானையை மீட்கப் போவதாகச் சொல்லும் அமெரிக்க நிறுவனம் 2025-இல் காட்டிய கம்பளி எலிகளில் மாற்றிய மரபணுக்களில் இதுவும் ஒன்று. எலி, பூனை, நாய், மனிதன், எல்லாருக்கும் அந்தப் பழைய பிரேக்தான்.

இரண்டாவது ஆர்ஸ்போ2. இதை மீசை மரபணு என்றே சொல்லிவிடுகிறேன். பூடிலுக்கும் அதன் கலப்புக் குட்டிகளுக்கும் கரடி பொம்மை போன்ற முகம் வருவது மீசை, தாடி, அடர்ந்த புருவம் மூன்றும் சேர்ந்துதான். அவற்றைத் தரும் மாற்றம் இருக்கும் இடம் விசித்திரமானது. மரபணுவை ஒரு சமையல் குறிப்பு என்று வைத்துக்கொண்டால், குறிப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பலகாரம் அதேதான். குறிப்பு முடிந்த பிறகு வரும் வால் பகுதியில் 167 எழுத்துகள் கூடுதலாகச் செருகிக்கொண்டிருக்கின்றன. "எவ்வளவு செய்ய வேண்டும்" என்பது அதனால் மாறிவிடுகிறது. மீசை நாயின் மூக்கருகே உள்ள தோலை எடுத்து அளந்தபோது இந்த மரபணுவின் செயல்பாடு சுமார் மூன்று மடங்காக இருந்தது. மயிர்க்கால்களைத் தூண்டும் சமிக்ஞை அந்த அளவுக்குக் கூடுகிறது. இது ஓங்குபண்பு, ஒரு பிரதி போதும். அதோடு, மீசை உள்ள நாய்களுக்கு முடி கொட்டுவதும் பொதுவாகக் குறைவு.

மூன்றாவது கேஆர்டி71, முடியைக் கட்டும் கெராட்டின் புரதங்களில் ஒன்றுக்கான மரபணு. இதில் ஓர் எழுத்து மாறினால் முடி சுருளும். இரண்டு பிரதியும் மாறியிருந்தால் நல்ல சுருட்டை, ஒன்று மட்டும் என்றால் அலை.

நாயின் மீசைக்கு அரசுப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. புரதம் மாறாமல் அதன் அளவு மட்டும் மாறுவதால் வரும் வேறுபாடுகள் மனித நோய்களிலும் நிறைய உண்டு, அவற்றைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். நாய் இனங்களில் அதையே ஒரு மீசையாகக் கண்ணால் பார்க்க முடிகிறது. நம் ஊரில் ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு இனங்களின் மரபணுக்களை இதே பொறுமையோடு படிக்க நிதி ஒதுக்கினால் எவ்வளவு கிடைக்கும் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

இனி கணக்கு. இந்த மூன்று மரபணுக்களும் சொன்ன வரிசையில் நாயின் 32, 13, 27-ஆம் குரோமோசோம்களில் தனித்தனியாக இருக்கின்றன. அதனால் ஒன்றையொன்று இழுக்காமல் மூன்று நாணயங்களைப் போலச் சுண்டப்படும்.

லாப்ரடூடில் எஃப்1 குட்டி ஒவ்வொன்றுக்கும் மூன்றிலும் பூடில் பிரதி ஒன்று, லாப்ரடார் பிரதி ஒன்று. ஆகவே எல்லாவற்றுக்கும் மீசை உண்டு, பிரேக்கும் உண்டு, முடி அலையோடு கொஞ்சம் பரட்டையாக இருக்கும். இரண்டு எஃப்1-ஐச் சேர்த்து எஃப்2 எடுத்தால் மீசைக்கான வாய்ப்பு நான்கில் மூன்று. மீதி ஒரு பங்குக் குட்டிகள் வழித்துவிட்ட முகத்தோடு பிறக்கும், பெரும்பாலும் லாப்ரடார் போலவே முடியும் கொட்டும். எட்டுக் குட்டி போடும் ஈற்றில் அப்படி ஒன்றாவது இருக்க 90 சதவீத வாய்ப்பு. மீசை, நீளம், அலையோ சுருட்டையோ மூன்றும் ஒன்றாக வேண்டும் என்றால் எஃப்2-இல் 64-க்கு 9 குட்டிகள்தான் தேறும். பூடில் பக்கம் பிற்கலப்பு செய்த எஃப்1பி-யில் எல்லாவற்றுக்கும் மீசை நிச்சயம், மூன்றும் சேர்ந்து அமைவது பாதிக்குப் பாதி. "அடுத்த தலைமுறை" என்று கூடுதல் விலை சொல்லப்படும் எஃப்2-இல்தான் முடி கொட்டும் குட்டி வரும் வாய்ப்பு அதிகம்!

லாப்ரடாருக்குப் பதில் கோல்டன் ரெட்ரீவர் என்றால் கணக்கே மாறிவிடும். கோல்டனுக்கு ஏற்கெனவே நீள முடி, அதன் பிரேக் இரண்டு பிரதியிலும் பழுது. அதனால் கோல்டன்டூடில் எஃப்1-இலேயே மீசையும் நீளமும் எல்லாக் குட்டிக்கும் வந்துவிடும். எந்தத் தலைமுறை என்று கேட்பதற்கு முன் எந்த இனத்தோடு கலந்தது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

விளம்பரங்களில் "75 சதவீதம் பூடில் ரத்தம்" என்று எழுதுகிறார்கள். ரத்தத்தில் பண்பு ஊறி வருகிறது என்ற நம்பிக்கை நம்மிடமும் உண்டு, சாதியைப் பற்றிப் பேசும்போது அது எவ்வளவு கேடு செய்தது என்று நமக்குத் தெரியும். அறிவியலில் அதற்கு இடமில்லை. நாய்க்கு 39 ஜோடிக் குரோமோசோம்கள். எஃப்1 தன் குட்டிக்கு எந்தத் துண்டுகளைக் கொடுக்கும் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துப் போடும் சீட்டு. எஃப்1பி குட்டிகள் சராசரியாக 75 சதவீதம் பூடில், தனிக் குட்டி அதற்குக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். குணத்துக்கும் இந்தச் சதவீதத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். பெற்ற நாய்கள் எப்படிப் பழகுகின்றன, முதல் இரண்டு மூன்று மாதம் குட்டி யாருடன் எப்படி வளர்கிறது என்பதைப் போய்ப் பாருங்கள்.

கலப்பு என்றாலே ஆரோக்கியம் என்பதும் பாதி உண்மைதான். ஒரே பழுது இரண்டு இனங்களிலும் இருந்தால் கலப்பு காப்பாற்றாது. விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து பார்வை போகும் ஒரு பரம்பரை நோய்க்கான ஒடுங்கு மரபணு பூடிலிலும் உண்டு, லாப்ரடாரிலும் உண்டு. இருவரும் அதைச் சுமந்தால் முதல் தலைமுறைக் குட்டிக்கே நோய் வரும். பிரிட்டனில் லாப்ரடூடிலோடு காக்கபூ, கவபூ என்ற வேறு இரண்டு பூடில் கலப்புகளையும் அவற்றின் தாய் இனங்களோடு ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை.

கடைசியாக அந்தத் தும்மல். கட்டுரையின் இந்த ஒரு பகுதியையாவது வாசகி கணவரோடு சேர்ந்து படிக்க வேண்டும். நாய் ஒவ்வாமையைத் தூண்டுவது முடி அல்ல. எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள்தான் தூண்டுகின்றன, முக்கியமானது கேன் எஃப் 1. மேலே சொன்ன மூன்று மரபணுக்களில் எதுவும் அந்தப் புரதத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. ஒவ்வாமை தராது என்று பெயரெடுத்த இனங்கள் இருக்கும் வீடுகளிலும் மற்ற நாய்கள் இருக்கும் வீடுகளிலும் தூசியை அளந்த 2011-இன் டெட்ராய்ட் ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. 2012-இன் நெதர்லாந்து ஆய்வில் லாப்ரடூடில் வீடுகளின் தரைத் தூசியில் கொஞ்சம் குறைந்திருந்தது, காற்றில் குறையவில்லை. சோஃபாவில் முடி ஒட்டாது என்பது மெய், மூக்கு அடைக்காது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

ஆனால் ஒரு நல்ல வழி இருக்கிறது. கேன் எஃப் 5 என்ற இன்னொரு புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில்தான் உருவாகிறது. சிலருக்கு ஒவ்வாமை அது ஒன்றுக்கு மட்டும்தான். அப்படிப்பட்டவர்கள் பெட்டை நாயோடு எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கலாம். எந்தப் புரதம் என்று பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை உண்டு. குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கணவரை ஒவ்வாமை மருத்துவரிடம் அழைத்துப் போய் இதைக் கேளுங்கள்.

அதன் பிறகும் லாப்ரடூடில்தான் வேண்டும் என்றால் பூடில் பக்கம் பிற்கலப்பு செய்த எஃப்1பி. வாரத்தில் பல நாள் சீவிவிட வேண்டும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்டவும் வேண்டும். கொட்டாத முடி சிக்குப் பிடிக்கும். அதற்கு நேரம் இல்லை என்றால் அலை முடி எஃப்1 கொஞ்சம் எளிது. இரண்டு எஃப்2 குட்டிகள் கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம், குட்டி ரோமம் ஆறு மாதத்துக்குப் பிறகு மாறும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாலே மூன்று மரபணுக்களையும் குட்டியாக இருக்கும்போதே பரிசோதித்துத் தெரிந்துகொள்ளலாம். பெற்ற நாய்களின் கண், இடுப்புச் சோதனைச் சான்றுகளையும் கேளுங்கள்; காட்டத் தயங்கினால் அடுத்த ப்ரீடரிடம் போய்விடுங்கள். அப்புறம், கான்ரன் செய்ததையே நீங்களும் செய்யலாம். மருத்துவர் சம்மதித்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த அந்தக் குட்டி படுத்துப் புரண்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, நாலைந்து நாள் கணவர் உட்காரும் நாற்காலியில் போட்டு வையுங்கள்.