கேம்ஷாஃப்ட் கேப் போல்ட்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்

இந்த வாரமும் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் ஒன்று வந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு துண்டு. அதை ஹெட்டோடு பிடித்து வைக்கும் கேப்கள் மொத்தமாக ஒரு டப்பாவில். "அடிக்கலை, நெம்பலை சார். போல்ட்டைக் கழற்றினேன், அவ்வளவுதான்" என்கிறார் கொண்டுவந்தவர்.

அந்த 'அவ்வளவுதான்'தான் கேடு. நான்கு சிலிண்டர் இன்ஜினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஷாஃப்ட்டின் ஏதாவது ஒரு மேடு, அதாவது லோப், வால்வை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். அந்த வால்வு ஸ்பிரிங் ஷாஃப்ட்டை மேலே தள்ளும். நீங்கள் ஒரு முனையில் கேப்பை முழுசாக எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் எழும்பும். மறுபக்கம் பூட்டியபடியே கிடக்கும். பல கேம்ஷாஃப்ட்கள் வார்ப்பிரும்பு. வளைந்து கொடுக்காது, பட்டென்று முறியும். ஷாஃப்ட் தப்பித்தால் கேப் விரிசல்விடும், இல்லையென்றால் அலுமினிய ஹெட்டில் மரை பிடுங்கிக்கொண்டு வரும்.

எல்லா போல்ட்டையும் கால் சுற்று, அரைச் சுற்றாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். வரிசை மேனுவலில் இருக்கும். பெரும்பாலும் ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வரும். ஷாஃப்ட் மட்டமாக எழும்பி, போல்ட் விரலால் சுழலும்போது கேப்பை எடுங்கள். இம்பாக்ட் கன் இந்தப் பக்கமே வரக்கூடாது.

அப்புறம், "எல்லா கேப்பும் ஒன்றுதானே?" இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒன்றில்லை! கேப்பை ஹெட்டில் பூட்டி வைத்துத்தான் துளையைக் கடைகிறார்கள். அந்தக் கேப் அந்த இடத்துக்கு, அந்தத் திசைக்கு மட்டும்தான். பார்வைக்கு அச்சு அசலாக இருந்தாலும் மாற்றிப் பூட்டினால் ஷாஃப்ட் இறுகும், எண்ணெய்ப் படலம் நிற்காது, பரப்பு கீறிக்கொள்ளும். ஒரு கேப்பைத் தொலைத்துவிட்டுத் தனியாக வாங்கப் போனால் பெரும்பாலும் கிடைக்காது. ஹெட்டையே மாற்றச் சொல்வார்கள். கேப்பின் மேலே எண், அம்புக்குறி இருக்கும், பாருங்கள். இல்லையென்றால் எழுதிவையுங்கள். லோபுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் பக்கெட்டையும், இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம்மையும் அதே வரிசையில் அடுக்குங்கள்.

தொடங்குமுன் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட் நிலையைக் காட்டும் டைமிங் குறிகளைச் சேர்த்து போட்டோ எடுங்கள். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்றுங்கள் அல்லது நகராதபடி பூட்டுங்கள். செயினைக் கம்பியால் தூக்கிக் கட்டுங்கள். செயின் குழியில் துணி அடையுங்கள். இல்லையென்றால் உள்ளே விழுந்த போல்ட்டை எடுக்க அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்ற நேரிடும்.

திரும்பப் பூட்டும்போது லோபிலும், கேப்புக்குள் சுழலும் பகுதியான ஜர்னலிலும் எண்ணெய் தடவி, அதே பொறுமையோடு இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட் என்றால் பல இன்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் கேட்கும். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இதற்கு உதவாது. ஸ்டார்ட் செய்யுமுன் கிராங்க்ஷாஃப்ட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தட்டி நின்றால் தயவுசெய்து ஸ்பேனரில் குழாய் மாட்டி அழுத்தாதீர்கள். வால்வு பிஸ்டனில் முட்டிக்கொண்டிருக்கலாம். டைமிங்கை மறுபடி பாருங்கள்.