ஆடிக்கு நடக்கணும்னா மாசியிலேயே ஆரம்பிங்க

ஆடி பிறந்தால் போதும், குதிகாலைப் பிடித்துக்கொண்டும் முட்டி வீங்கியும் பிசியோதெரபிக்கு வருகிறவர்களின் வரிசை நீண்டுவிடும். வேண்டுதலுக்காகத் தண்டையார்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கிளம்பி, செங்குன்றம், ஜனப்பன்சத்திரம் வழியாகப் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு நடந்தவர்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றியவர்களும் உண்டு. எடை தொண்ணூறோ நூறோ இருக்கும். எவ்வளவு நாள் பழகினீர்கள் என்று கேட்டால், "பத்து நாளா காலையில நடந்தேனே, மூச்சே வாங்கல!"

இந்த 'மூச்சே வாங்கல' என்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகும். மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தசைநார், உள்ளங்கால் சவ்வு, எலும்பு எல்லாம் அப்படி இல்லை, அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். சமதரையில் நடந்தாலே ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை இறங்குகிறது. 90 கிலோ ஆளுக்கு அது 180 முதல் 270 கிலோ வரை. மூன்றாவது வாரம் உடம்பு லேசாகத் தோன்றும், உற்சாகம் வரும், தூரத்தை இரட்டிப்பாக்குவார்கள். நான்காவது வாரம் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்தும். மூச்சு கால் சார்பாகப் பேசாது. கால் தாங்குமா என்பதைக் காலிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் மறுநாள் காலையில்.

ஆகவே முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், 15 நிமிடம் மட்டும். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டு மாதம் ஆனபின் வாரத்தில் ஒருநாள் மட்டும் நீள நடை. கிரிவலத்துக்கு முன் ஒரே மூச்சில் 10 கிலோமீட்டர் நடந்து, மறுநாள் நொண்டாமல் எழுந்திருக்க வேண்டும். பெரியபாளையம் என்றால் அடுத்தடுத்த இரண்டு நாள் 18, 12 கிலோமீட்டர் என்று நடந்து பார்த்திருக்க வேண்டும். அப்போதும் வழியில் ஓர் இரவு தங்கிப் போவதே நல்லது. கடைசிப் பத்து நாள் பாதி நடையே போதும்.

நடக்காத நாட்களில் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 தடவை, இரண்டு சுற்று. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, மாத்திரை எதிர்பார்த்து வருகிறார்கள்.

எண்ணூர் விரைவு சாலையோரம் நடக்காதீர்கள். கன்டெய்னர் லாரியும் புகையும் போதாதென்று, ஓரம் சரிந்த சாலை ஒரு பக்க முட்டியைப் பதம் பார்க்கும். ராயபுரம் ராபின்சன் பூங்கா மாதிரி சமதரையைத் தேடுங்கள். கத்திரி வெயில் காலத்தில் ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை உலராது, உடம்பும் குளிராது. இதில் பிளாஸ்டிக் கோட்டு வேறு! வியர்த்துக் குறைவது தண்ணீர்தான், இரண்டு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். அந்தக் கோட்டைத் தூக்கிப் போடுங்கள். நடை முடிந்ததும் பஜ்ஜிக் கடைக்குப் போவதையும் விடுங்கள். 90 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் நடந்து செலவழிப்பது சுமார் 300 கலோரிதான்.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் பெருத்திருக்கும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். தொடை உரசலுக்கு வாசலின் தடவி, முட்டி வரை இறுக்கமான ஷார்ட்ஸ் போடுங்கள். வெட்கப்பட்டுப் புண்ணோடு நடக்கிறவர்கள்தான் அதிகம். குதிகால் வலி தொடங்கினால் நடையைப் பாதியாக்கி, கெண்டைக்காலை 30 விநாடி வீதம் மூன்று முறை இழுத்துவிட்டு, ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் பத்து நிமிடம் உருட்டுங்கள். முட்டி வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

சுகர், பிரஷர் இருப்பவர்களும், நாற்பது தாண்டியவர்களும் முதலில் டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுத்துவிடுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். நெஞ்சு அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, திடீர்க் குளிர்வியர்வை வந்தால் உட்கார்ந்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுத் தொல்லை என்று சோடா தேட வேண்டாம்.

பாதம் மரத்துப்போன சுகர்க்காரர்களிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். வெறுங்காலோடு நடக்காதீர்கள். தார் சுட்டுத் தோல் உரிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. செருப்போடு நடங்கள், கோயில் வாசலில் கழற்றினால் போதும். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.