முக்காலி தெரிந்தவருக்கு டிரைபாட் தெரியும்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கில நோட்டில் இப்படி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். இடது பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் ஒரு கோடு, வலது பக்கம் தமிழ் அர்த்தம். இருபது, இருபத்தைந்து சொற்கள். இரவு நாலு தடவை வாசித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்று நோட்டை மூடுவார்கள். காலையில் வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டால், "பார்த்த மாதிரி இருக்கு, ஆனா வர மாட்டேங்குது" என்பார்கள்.

அது சோம்பல் அல்ல. ஒரு சொல்லைக் கண்டதும் அடையாளம் தெரிவது ஒரு வேலை. அதன் அர்த்தத்தை நினைவிலிருந்து எடுத்துத் தருவது வேறொரு வேலை. நாலு தடவை வாசித்தபோது முதல் வேலைக்குத்தான் பயிற்சி நடந்தது. பரீட்சையும் பேச்சும் கேட்பது இரண்டாவதை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை 2008இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அளந்து காட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்கு, கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் 40 சொற்களை ஆங்கில அர்த்தத்தோடு கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் அப்புறம் அதை என்ன செய்வது என்பதில்தான் குழுக்கள் வேறுபட்டன. சிலர் அந்தச் சொல்லை மறுபடி மறுபடி படித்தார்கள். அதில் மேற்கொண்டு கேள்வி கேட்கப்படவில்லை. வேறு சிலர் அதைப் படிப்பதை நிறுத்தினார்கள். கேள்வி மட்டும் தொடர்ந்து வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கேள்வி தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. கேள்வி நின்றுபோனவர்களுக்கு 35 சதவீதத்தை ஒட்டித்தான். தெரிந்த சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்ததால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் விஷயம் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே முன்கூட்டிக் கேட்டார்கள். எல்லாக் குழுவும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னது. எந்தப் படிப்பு நிற்கும், எது நிற்காது என்று படிக்கிறவருக்கே உள்ளே இருந்து தெரிவதில்லை. ஆகவே "நல்லாப் படிச்சேனே" என்று அழுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள். அது பொய் சொல்லவில்லை.

சரி, எடுத்துப் பார்ப்பதுதான் வழி என்றால் எப்போது எடுப்பது? ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே ஆய்வுப் பொருளாக்கி, தான் மனப்பாடம் செய்ததில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிட்டு 1885இல் வெளியிட்டார். மறந்ததை மறுபடி கற்க ஆகும் நேரத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்பது அவருடைய அளவுகோல். 20 நிமிடத்தில் அந்த மிச்சம் 58 சதவீதம். ஒரு நாளில் 34. ஒரு மாதம் கழித்தும் 21. அதாவது, போவதில் பெரும்பங்கு முதல் நாளே போய்விடுகிறது. அதற்குப் பிறகு மெதுவாகத்தான் கரைகிறது. அதனால் முதல் சோதனை மறுநாளே நடக்க வேண்டும். அப்புறம் மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

எபிங்ஹவுஸ் மனப்பாடம் செய்தவை அர்த்தமில்லாத அசைகள். தெரிந்த எதுவும் துணைக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தார். நம் பிள்ளைகளின் சொற்பட்டியலும் அவர்களுக்கு அப்படித்தானே இருக்கிறது? எதோடும் ஒட்டாத வெறும் சத்தம். ஒட்டுவதற்கு ஒன்று கிடைத்தால் நிலைமை மாறும். அது தமிழ்வழியில் அறிவியலும் கணக்கும் படித்த பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நுண்ணோக்கி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நுண், நோக்கி. மைக்ராஸ்கோப்பும் அதேதான்: மைக்ரோ என்றால் சிறியது, ஸ்கோப் என்றால் நோக்குவது, இரண்டும் கிரேக்கம். தொலைநோக்கி, டெலஸ்கோப். சுற்றளவு, பெரிமீட்டர்: பெரி சுற்று, மீட்டர் அளவு. பலகோணம், பாலிகன். நமக்குக் கலைச்சொல் ஆக்கித் தந்தவர்கள் பல இடங்களில் கிரேக்க, லத்தீன் சொற்களைப் பாகம் பாகமாகக் கழற்றி, அதே வரிசையில் தமிழில் கோத்திருக்கிறார்கள். அந்த முடிச்சைத் திருப்பி அவிழ்த்தால் ஆங்கிலத்தின் கடினமான சொற்கள் கைக்கு வருகின்றன. பாலி என்றால் பல என்று பலகோணத்தில் தெரிந்துவிட்டது. இனி பாலிகிளாட் பல நாக்கு உடையவர், அதாவது பல மொழி பேசுபவர். பாலிமத் பல துறை கற்றவர்.

எனக்கு மிகவும் பிடித்தது கணுக்காலிகள், அதாவது பூச்சி, நண்டு, சிலந்தி வகையறா. ஆர்த்ரோபோடா: ஆர்த்ரோ கணு, போட் கால். வீட்டில் பாட்டிக்கு வரும் ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி, அதே ஆர்த்ரோ. கேமராவை நிறுத்துகிற டிரைபாட், நம் முக்காலி, அதே போட். இந்தக் கிரேக்கப் போட் லத்தீனில் பெட் என்று இருக்கிறது. சைக்கிள் பெடல், நடந்து போகிற பெடஸ்ட்ரியன் எல்லாம் அந்தக் காலிலிருந்து வந்தவை.

ஆனால் வேரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பீடியாட்ரிக் வார்டில் இருப்பது கால் நோயாளிகள் அல்ல, குழந்தைகள். அங்கே வருவது குழந்தையைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல். எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரிகிறது. சொல்லின் பொருள் வேரை விட்டு விலகிப் போவதும் உண்டு. சாலைப் பலகையில் பெடஸ்ட்ரியன் என்றால் நடந்து போகிறவர். ஒரு நாவலைப் பற்றி எழுதும்போது அதன் நடை பெடஸ்ட்ரியன் என்றால், உயிரில்லாத, சாதாரண நடை என்று அர்த்தம். இதை வேர் சொல்லித் தராது, வாக்கியம்தான் சொல்லித் தரும்.

அதனால் அந்த நோட்டில் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். இடது பக்கம் தமிழ் அர்த்தமும், வேர் தெரிந்தால் வேரும். வலது பக்கம் அந்தச் சொல் வந்த முழு வாக்கியம். சொல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கோடிட்ட இடம். மறுநாள் காலை நோட்டைத் திறந்ததும், வாசிப்பதற்குப் பதிலாக அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.