கேட்வே: நுழைவாயிலா, வாயிலா?

பிரைவேட் கிளவுடில், அதாவது ஒரு நிறுவனம் தனக்கென்றே வைத்திருக்கும் சர்வர் தொகுப்பில், ஒரு வி.எம் (மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் கணினி) எழுப்புகிறோம். அதற்கு முகவரி கிடைத்துவிட்டது, பக்கத்து வி.எம்முக்குப் பிங்கும் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறது. ஆனால் இணையம் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் யாரிடம் போய்க் கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கேட்வே என்ன?"

இந்தச் சொல்லுக்குத் தமிழில் 'நுழைவாயில்' என்று எழுதுவது பரவலான வழக்கம். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காக நான் எழுதிய குறிப்பிலும் அதுவே இருந்தது. அதைப் படித்த ஒரு தம்பி, இணையம் கிடைக்காத ஒரு வி.எம்மை வைத்துக்கொண்டு அரை நாள் போராடினார். பாதுகாப்பு விதிகளில் உள்வரும் திசையை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "நுழைவாயில்னா உள்ளே வர்ற வழிதானே அண்ணா?" என்றார். அவர் சொன்னது சரிதான். 'நுழை' என்றால் உட்புகு. வெளியே போகத் தவிக்கும் பொதிக்கு, அதாவது வலையில் போகும் தகவல் துண்டுக்கு, நுழைவாயிலைக் காட்டினால் தேடலும் எதிர்த்திசையில்தானே போகும்? அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லைத் துருவ ஆரம்பித்தேன்.

ஆங்கிலத்தில் இது கேட், வே என்ற இரண்டு சொற்களின் கூட்டு: கதவும் வழியும். உள்ளே, வெளியே என்ற திசை எதுவும் அதில் இல்லை. வலையமைப்புத் துறையில் இதை ஊன்றியது வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை. வெவ்வேறு வலைகளை ஒன்றோடொன்று பேசவைக்க நடுவே நிற்கும் கருவியை அவர்கள் கேட்வே என்றார்கள். பின்னர் அதே கருவிக்கு ரூட்டர் என்ற பெயர் மேலோங்கியது. ஆர்எஃப்சி எனப்படும் இணையத்தின் விதி ஆவணங்களிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 1987இல் வந்த ஆர்எஃப்சி 1009 'கேட்வே'க்களுக்கான தேவைகளைப் பேசுகிறது. அதன் இடத்தில் 1995இல் வந்த ஆர்எஃப்சி 1812 'ரூட்டர்'களுக்கான தேவைகள் என்று தலைப்பிட்டுக்கொண்டது. பழைய பெயர் 'பார்டர் கேட்வே புரோட்டோகால்' (பெரிய வலைகள் தமக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) போன்ற சில இடங்களிலும், ஒவ்வொரு கணினியின் அமைப்புத் திரையிலும் தங்கிவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். 'வாயில்' என்பது இல்வாய், அதாவது இல்லத்தின் வாய். சொல் முன்பின்னாக மாறி நிற்பதால் இலக்கணப் போலிக்கு இதையே எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருப்போம். பேச்சில் அது வாசல் ஆனது. வாய்க்கும் திசை கிடையாது. சோறு உள்ளே போவதும் சொல் வெளியே வருவதும் அதே வழியில்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய மகிழ்ச்சி தந்தது இச்சொல்லின் இன்னொரு பொருள். அக இலக்கியத்தில் வாயில் என்றால் தூது செல்பவர். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே செய்தி கொண்டுபோகிறவர்களைத் தொல்காப்பியக் கற்பியல் பட்டியலிடுகிறது: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்று பன்னிருவர். நேராகப் பேசிக்கொள்ள முடியாத இருவருக்கு நடுவே நின்று, ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்ப்பது அவர்கள் வேலை. கேட்வே செய்வதும் அதைத்தான். கதவு, தூது என்ற இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அதன் முன்னால் 'நுழை'யை ஒட்டவைத்து நாமே பாதியைக் கழித்துவிட்டோம்.

இந்தத் தூதுப் பொருளை மனதில் வைத்தால் பழுது பார்ப்பதும் எளிதாகிறது. வி.எம்முக்குள் நின்று வெளியே 8.8.8.8க்கு (கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர் முகவரி) ஒரு பிங் விடுங்கள். என்ன பதில் வருகிறது என்பதைவிட, அதை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். 'நெட்வொர்க் அன்ரீச்சபிள்' என்று அந்த நொடியே வந்தால் சொல்வது வி.எம்மேதான். அதற்கு வாயில் யாரென்றே தெரியவில்லை. வழிப்பட்டியலில் 'டீஃபால்ட் வயா 10.0.0.1' போன்ற ஒரு வரி இருக்க வேண்டும், அது இல்லை. வி.எம்முக்கு முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி அந்த வாயிலின் முகவரியைக் கொடுத்ததா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

தம்பியின் திரையில் இருந்தது வேறு. 'ஃப்ரம் 10.0.0.1' என்று தொடங்கி, 'டெஸ்டினேஷன் நெட் அன்ரீச்சபிள்' என்று முடிந்தது. பேசுவது வாயிலே! செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது, அதை மேலே கொண்டுபோக எனக்கு வழி இல்லை என்கிறது. அவர் அதைப் பலமுறை பார்த்திருந்தும் 10.0.0.1 என்ற அந்த எண்ணைக் கவனிக்கவில்லை. ரூட்டரை உருவாக்கியவர் அதை உள்வலையோடு மட்டும் இணைத்துவிட்டு, வெளிவலைப் பக்கத்தை இணைக்க மறந்திருந்தார். பிரைவேட் கிளவுட் அமைக்க உதவும் ஓப்பன்ஸ்டாக் மென்பொருளில் இதற்கு எக்ஸ்டர்னல் கேட்வே என்று பெயர். அந்த ஓர் இணைப்பைக் கொடுத்ததும் இணையம் வந்துவிட்டது. அகப்பாடல்களில் தூதை ஏற்காமல் திருப்புவதற்கு 'வாயில் மறுத்தல்' என்று ஒரு துறையே உண்டு. இங்கே மறுப்பது வாயிலே என்றாலும், அந்தப் பிழைச்செய்தியை இனி அப்படித்தான் அழைக்கப்போகிறேன்.

மூன்றாவது வகைதான் சிரமமானது: எந்தப் பதிலும் வராத மௌனம். பொதி வாயிலைக் கடந்து போயிருக்கலாம், ஆனால் உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் வேலை, அதாவது நேட், நடக்காமல் வி.எம்மின் 10.0.0.5 என்ற உள்முகவரியோடே போயிருக்கலாம். 10இல் தொடங்கும் முகவரிகளை உள்வலைப் பயன்பாட்டுக்கு என்று 1996இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிவிட்டது, பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. அதனால் பதில் திரும்பி வர இடமில்லை. இல்லாவிட்டால் ஃபயர்வால் நடுவில் தடுத்திருக்கும். ஃபயர்வாலையும் கேட்வேயையும் ஒன்றாகப் பேசுவதைக் கேட்கிறேன், அது தவறு. பாண்டியன் அரண்மனை முன் நின்று கண்ணகி "வாயிலோயே" என்று விளிப்பது காவலனை, கதவை அல்ல. ஒரே பெட்டிக்குள் இரண்டும் இருந்தாலும் வாயில் வேறு, வாயிலோன் வேறு.

'டீஃபால்ட்' என்ற முன்னொட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் வேரில் இருப்பது இன்மை என்ற பொருள். வேறு எந்த வழியும் பொருந்தாதபோது இதன் வழியே போ என்பதுதான் அந்த வரி. 'இயல்புநிலை' என்பது அதை முழுதாகத் தொடவில்லை, ஆனால் ஊன்றிவிட்ட சொல், குழப்பமும் இல்லை. சுருக்கி 'இயல்பு வாயில்' என்கிறேன்.

'வாயில்' என்றால் வாய்க்குள் என்றும் படிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வாயிலை, வாயிலுக்கு, வாயிலில் என்று உருபு ஏறியதும் அந்த ஐயம் போய்விடும். தனியே நிற்கும் இடத்தில் 'வாயில் முகவரி' என்று எழுதினால் போதும். எக்ஸ்டர்னல் கேட்வே வெளிவாயில், பார்டர் கேட்வே எல்லை வாயில். பழைய குறிப்பைத் திருத்தியாயிற்று. இப்போது அதன் முதல் வரி: "வி.எம்முக்கு இணையம் இல்லையா? இயல்பு வாயில் யார் என்று பார், அப்புறம் அந்த வாயிலுக்கு வெளியே வழி இருக்கிறதா என்று பார்."