டிராயிங் ரூமில் ஏன் அந்த அரை இருட்டு?

இங்கிலாந்தில் பழைய கோட்டைகளையும் கிராமப்புற மாளிகைகளையும் சுற்றிப் பார்த்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: டிராயிங் ரூமில் பாதி ஜன்னலை மூடி வைத்திருக்கிறார்கள், ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை. சரி, ஏன் மூடுகிறார்கள்?

விருந்து முடிந்ததும் போய் உட்கார்ந்து பேசவும், வீட்டுக்காரரின் வசதியை வந்தவர்களுக்குக் காட்டவும் இருந்த அறை அது. அதனால் வீட்டில் இருப்பதிலேயே விலை உயர்ந்த துணியெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. லண்டனுக்கு மேற்கே உள்ள சயன் ஹவுஸைப் பாருங்கள். 1760களில் ராபர்ட் ஆடம் வடிவமைத்த சிவப்பு டிராயிங் ரூமில் சுவர் முழுக்க லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் நெய்த பட்டு, தரையில் தாமஸ் மூர் தன் பெயரையும் 1769 என்ற ஆண்டையும் சேர்த்தே நெய்த கம்பளம். இப்படிப்பட்ட அறைகளுக்கு ஆளுயர ஜன்னல்களையும் வைத்தார்கள். பட்டுக்கும் வெயிலுக்கும் ஆகவே ஆகாது.

பட்டு என்பது புரதம், நீண்ட சங்கிலி மாதிரியான மூலக்கூறுகள். புற ஊதா ஒளியின் ஃபோட்டானுக்கு, அதாவது ஒளித்துகளுக்கு, அந்தச் சங்கிலியை அறுக்கும் அளவுக்கு ஆற்றல் உண்டு. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைபுரிகிறது, இழை மஞ்சளடிக்கிறது, வலுவிழக்கிறது, கடைசியில் தொட்டாலே பொடிகிறது. சாயம் இன்னும் மோசம், ஏனென்றால் நிறத்தைத் தரும் பகுதி உடைந்துவிட்டால் அந்த மூலக்கூறு கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதையே நிறுத்திவிடும், நிறம் போனது போனதுதான். ஜன்னல் கண்ணாடியில் புற ஊதாவைத் தடுக்கும் படலம் ஒட்டலாம், ஒட்டுகிறார்கள். ஆனால் நாம் பார்க்கும் சாதாரண ஒளியும், முக்கியமாக அதன் நீலப் பகுதி, சாயத்தை வெளுக்க வைக்கும் என்பதால் அது பாதித் தீர்வுதான்.

எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் போவதில்லை. பழைய சுவர்த் திரைச்சீலைகளில் மரங்களெல்லாம் நீலமாக நிற்பதைப் பார்த்து நெசவாளரின் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். அவுரி மாதிரியான நீலச் சாயத்தின் மேல் செடியிலிருந்து எடுத்த மஞ்சளை ஏற்றித்தான் பச்சை உண்டாக்கினார்கள். மஞ்சள் முதலில் ஓடிவிட்டது, நீலம் நின்றுவிட்டது. வெயில்பட்ட கடைவாசல் போஸ்டரில் சிவப்பும் மஞ்சளும் போய் எல்லா முகமும் நீலமாகிவிடுவதும் இதே கதைதான்.

இந்தச் சேதம் திரும்பாது, கூடிக்கொண்டே போகும். இரவில் விளக்கை அணைத்தால் துணி தேறி வராது. அதனால் ஒளியைப் பட்ஜெட் போட்டுச் செலவு செய்கிறார்கள். துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது பரவலாக வைக்கும் உச்ச அளவு, ஆண்டுக்கு மொத்தம் 1,50,000 லக்ஸ்-மணி, அதாவது 50 லக்ஸில் 3,000 மணி நேரம். உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். கண்ணாடி கொஞ்சம் தடுத்து 75,000தான் உள்ளே வருகிறது என்று வைத்தாலும், நேராக நாற்காலி மேல் விழுந்தால் அதன் ஒரு வருடக் கணக்கு இரண்டே மணி நேரத்தில் காலி! பெருக்கித் துடைக்கும் நேரத்து வெளிச்சமும் இந்தக் கணக்கில்தான் வரும். கணக்குச் சரிதானா என்று பார்க்க, வெவ்வேறு வேகத்தில் வெளுக்கும் எட்டு நீலக் கம்பளித் துண்டுகள் ஒட்டிய அட்டையில் பாதியை மூடி அறையில் வைத்துவிட்டு, பிறகு மூடின பாதியோடு ஒப்பிடுவார்கள்.

50 லக்ஸ் கொஞ்சம் என்று தோன்றுவதற்குக் காரணம் நம் கண். வெளி வெயிலிலிருந்து நேராக வருகிறவருக்கு மங்கலுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் 1 லக்ஸ். 24 திரி எரியும் சரவிளக்கு இரண்டு மீட்டர் தள்ளி ஏறத்தாழ 6 லக்ஸ்தான் தரும். அப்புறம் ஜன்னல்களுக்கு இடையில் உயரமான நிலைக்கண்ணாடிகளும் சட்டமெங்கும் தங்கப் பூச்சும் எதற்கு வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? இருக்கிற ஒளியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தத்தான். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் இரவில் உட்கார்ந்ததைவிட நாம் பல மடங்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் குறை சொல்கிறோம்.

பகலில் மூடுவதும் இன்றைய அருங்காட்சியகக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. கென்டில் காகித ஆலை நடத்திய ஜேம்ஸ் வாட்மனின் மனைவி சூசன்னா, 1776இல் வேலைக்காரர்களுக்கு எழுதி வைத்த குறிப்புகளிலேயே, எந்த அறைக்குள் வெயில் எப்போது வரும், அப்போது திரையை இறக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. ஃபோட்டான் பற்றி அந்த அம்மாவுக்குத் தெரியாது, துணியின் விலை தெரியும்.

புதுசாக இருந்தபோது இந்த அறைகள் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விண்ட்சர் கோட்டைக்குப் போகலாம். 1992 நவம்பர் தீவிபத்தில் அழிந்த அங்குள்ள கிரிம்சன் டிராயிங் ரூமை 1997இல் மறுபடி எழுப்பி, சுவருக்குப் புதுச் சிவப்புப் பட்டு போர்த்தினார்கள். பட்டும் தங்கப் பூச்சுமாக அந்த அறை எனக்குக் கொஞ்சம் பகட்டாகத்தான் படுகிறது, ஆனால் பழைய மாளிகைகளின் சாந்தமான வெளிர் நிறங்களும் தொடக்கத்தில் இதே பகட்டோடு இருந்தவைதான். அந்தப் பட்டுக்கும் 1997லிருந்து லக்ஸ்-மணி ஏறிக்கொண்டிருக்கிறது.